கேள்வி வரும்வரை

கேள்வி கேட்கும் நிரல்களுக்கு ஒரு நம்பிக்கை உண்டு. எதிரில் ஆள் உட்கார்ந்திருக்கிறார், திரையைப் படிக்கிறார், யோசித்துவிட்டு விசையைத் தட்டுவார் என்று அவை நம்புகின்றன. ஆள் எழுந்து வீட்டுக்குப் போன பிறகும் அந்த நம்பிக்கை கெடாமல் உரையாடலை நடத்திக்கொடுக்கும் சின்னச் சின்ன ஸ்கிரிப்டுகள் இருக்கின்றன. அவற்றை ரசித்துப் படிப்பது என் வழக்கம். பத்துப் பதினைந்து வரிதான் இருக்கும். ஆனால் அந்த வரிகளில் உள்ள நிதானத்தை நான் பல பெரிய நிரல்களில் பார்த்ததில்லை.

காவிரி டெல்டாவுக்கு உறவான ஒரு நிரலை வைத்தே இதைச் சொல்லலாம். டி.எஸ்.எஸ்.ஏ.டி. என்று ஒரு பயிர் மாதிரி. ஆய்வுக்காரர்கள் ‘டிசாட்’ என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்கள். ஹவாய் பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்டு நடந்த ஒரு பன்னாட்டுத் திட்டத்தில் உருவாகி 1989-இல் வெளிவந்தது. அதன் உள்ளே பயிரை வளர்க்கும் பகுதி இன்றும் ஃபோர்ட்ரானில்தான் இருக்கிறது. மண், வானிலை, ரகம், நடவுத் தேதி, உரம், தண்ணீர் எல்லாவற்றையும் கொடுத்துவிட்டால் நாள் நாளாகப் பயிரை வளர்த்து, தூர் கட்டி, கதிர் வாங்கி, எக்டருக்கு இத்தனை கிலோ என்று சொல்லும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் வி. கீதாலட்சுமியும் உடனாய்வாளர்களும் காலநிலை மாற்றம் காவிரிப் படுகையின் நெல் விளைச்சலை என்ன செய்யும் என்று பார்க்க இந்த மாதிரியைத்தான் ஓட்டினார்கள். 2011-இல் ‘கரண்ட் சயின்ஸ்’ இதழில் அது கட்டுரையாக வந்தது.

இந்தப் பயிர் மாதிரி ஜூன் 12 என்று எழுதாது. ஆண்டு, அதன் பின்னால் அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்ற எண், அவ்வளவுதான். மேட்டூர் திறக்கும் மரபான நாள் அதற்கு 163. லீப் ஆண்டில் 164. குறுவைக்கு நடும் ஆடுதுறை 36 சுமார் 110 நாளில் அறுப்புக்கு வருவதும், சம்பாவுக்கு நடும் சி.ஆர். 1009 ஐந்து மாதம் வயலில் நிற்பதும் அதற்கு வெறும் எண்கள். ஒரு ரகத்தின் சுபாவம் முழுவதும், பகல் நீண்டால் பூக்கத் தாமதிக்குமா என்பது உட்பட, ஒரே வரியில் வரிசையாக எழுதிய சில எண்களில் அடங்கிவிடுகிறது.

கட்டளை வரியில் இதை ஓட்டும்போது நிரலின் பெயருக்குப் பின்னால் ஓர் ஒற்றை எழுத்தைக் கொடுக்க வேண்டும். ‘ஏ’ என்றால் சோதனைக் கோப்பில் இருக்கும் எல்லா ட்ரீட்மென்ட்டையும், அதாவது ரகமும் நடவுத் தேதியும் உரமும் சேர்ந்த ஒவ்வொரு சேர்க்கையையும், ஓட்டும். ‘பி’ என்றால் ஒரு பட்டியல் கோப்பைப் படித்து அதன்படி நடக்கும். ‘ஐ’ என்றால் உட்கார்ந்து பேச ஆரம்பிக்கும். எந்தப் பரிசோதனை என்று வரிசையாக எண் போட்டுக் காட்டிக் கேட்கும். எந்த ட்ரீட்மென்ட் என்று கேட்கும். ஓட்டிவிடட்டுமா, ஏதாவது மாற்ற வேண்டுமா என்று கேட்கும். ஒரே ஓட்டம் என்றால் இந்தப் பேச்சு சுகமானது. 30 ஆண்டு வானிலை, 5 நடவுத் தேதி, 3 ரகம் என்று கணக்குப் போட்டால் 450 ஓட்டம் வருகிறது. 450 முறை அதே கேள்விகளுக்கு ஒருவர் உட்கார்ந்து எண் தட்டுவது மனுஷ வேலை அல்ல.

‘பி’ போன்ற வாசல் இருந்தால் அதன் வழியாகப் போவதே முறை. இதைச் சொல்லாமல் மேலே போகக் கூடாது. நிரலை எழுதியவரே திறந்துவைத்த வாசலை விட்டுவிட்டு ஜன்னல் வழியே ஏறுவதில் ஒரு பெருமையும் இல்லை. ஆனால் எல்லா நிரலுக்கும் அப்படி வாசல் இருப்பதில்லை. இருந்தாலும், பேசும்போது மட்டும் கிடைக்கும் சில தேர்வுகள் அந்த வாசலுக்குள் வராமல் போகலாம். அங்கேதான் ஸ்கிரிப்டின் அழகு தொடங்குகிறது.

யூனிக்ஸில் ‘யெஸ்’ என்று ஒரு கட்டளை உண்டு. 1979-இல் வந்த ஏழாம் பதிப்பிலேயே இருந்தது. ஒரு வரியில் ‘ஒய்’ என்ற எழுத்து, அடுத்த வரியில் மறுபடி ‘ஒய்’, நிறுத்தச் சொல்லும்வரை அதுவேதான். வேறு சொல் கொடுத்தால் அந்தச் சொல்லைத் திருப்பித் திருப்பிச் சொல்லும். அதன் வாயை ஒரு பைப்பால் வேறொரு நிரலின் காதில் இணைத்துவிட்டால், அந்த நிரல் கேட்கும் எல்லாக் கேள்விக்கும் ‘ஆம்’தான் விடை. இதில் எனக்குப் பிடித்தது அது நிற்கும் விதம். யெஸ்ஸுக்கு எப்போது நிறுத்துவது என்று தெரியாது. கேட்டுக்கொண்டிருந்த நிரல் வேலையை முடித்துப் பைப்பை மூடிவிடுகிறது. அடுத்த ‘ஒய்’யை எழுதப் போகும்போது, கேட்க ஆளில்லை என்று இயங்குதளம் ஒரு சமிக்ஞை அனுப்புகிறது. யெஸ் அப்படியே முடிந்துபோகிறது. முடிக்கும் பொறுப்பைக் கேட்பவரிடம் விட்டுவிட்ட இந்த ஏற்பாட்டை யோசித்துச் செய்தவர்களை நினைத்தால் மனம் நிறைகிறது.

அடுத்த படி ‘ஹியர் டாக்குமென்ட்’. ஸ்டீபன் போர்ன் எழுதிய ஷெல்லோடு, அதே ஏழாம் பதிப்பில் வந்தது. ‘விடச் சிறியது’ என்னும் குறியை இரண்டு முறை (<<) ஒட்டிப் போட்டு, பின்னால் ஒரு முடிவுச் சொல்லை எழுத வேண்டும். அந்தச் சொல் தனி வரியில் மறுபடி வரும்வரை நடுவில் இருக்கும் வரிகள் எல்லாம் விடைகள். முதல் கேள்விக்கு முதல் வரி, இரண்டாம் கேள்விக்கு இரண்டாம் வரி. ஸ்கிரிப்டைப் படிப்பவர் கண்ணுக்கு விடைகள் மேலிருந்து கீழாக அழகாகத் தெரியும். முடிவுச் சொல்லுக்கு மேற்கோள் குறி போட்டால் உள்ளே இருக்கும் டாலர் குறிகள் எழுதியபடியே போகும். போடாவிட்டால் ஷெல் அவற்றை மாறிகளாக எடுத்துக்கொண்டு மதிப்பை இட்டு நிரப்பும். வெளியே ஒரு லூப், அதில் ஆண்டும் நடவு நாளும் மாறிக்கொண்டே வர, உள்ளே இந்த விடைப் பட்டியல். நம் 450 ஓட்டமும் ஏழெட்டு வரியில் அடங்கிவிடும்.

ஆனால் இந்த விடைகளுக்குக் காது கிடையாது. கேள்வி வந்ததா என்று பார்க்காமலே அவை வரிசையில் நிற்கின்றன. ஏதாவது ஓர் ஆண்டின் வானிலைக் கோப்பு காணோம் என்றால் நம் மாதிரி பிழையைச் சொல்லிவிட்டு, தொடர என்டர் விசையைத் தட்டு என்று நிற்கும். அது பட்டியலில் இல்லாத கேள்வி. அடுத்த கேள்விக்காகக் காத்திருந்த விடை அந்த என்டருக்குப் போய்விடும். அதற்குப் பிறகு எல்லா விடையும் ஒரு படி முன்னால் நகர்ந்துவிடும். பரிசோதனை எண்ணுக்கு ட்ரீட்மென்ட் எண், ட்ரீட்மென்ட் எண்ணுக்கு ‘ஓட்டு’ என்ற எண். எல்லாமே சின்ன எண்கள் என்பதால் நிரலுக்குச் சந்தேகமே வராது. சி.ஆர். 1009-க்குக் கேட்ட இடத்தில் ஆடுதுறை 43-இன் விளைச்சல் அழகாக அட்டவணையில் ஏறிவிடும். பிழைச் செய்தி வந்திருந்தால்கூடப் பரவாயில்லை. சரியாகத் தோற்றம் தரும் தவறான எண்ணைக் கண்டுபிடிக்க வழியே இல்லை.

இந்த இடத்தில் கல்லணையை நினைக்காமல் என்னால் இருக்க முடிவதில்லை. 2025-இல் மேட்டூர் மரபுப்படி ஜூன் 12 திறந்தது, கல்லணை ஜூன் 15 திறந்தது. முந்தின ஆண்டு அணையில் தண்ணீர் போதாமல் மேட்டூர் திறப்பு ஜூலை 28-க்குத் தள்ளிப்போனது, கல்லணை ஜூலை 31. நாள் ஒன்றரை மாதம் நகர்ந்திருக்கிறது. நடுவில் உள்ள மூன்று நாள் நகரவில்லை. கல்லணையில் ஷட்டரை ஏற்றுபவர்கள் காலண்டரைப் பார்த்து ஏற்றுவதில்லை. முக்கொம்பு தாண்டித் தண்ணீர் வந்து சேர்ந்து, மட்டம் ஏறுவதைப் பார்த்த பிறகுதான் காவிரிக்கு இவ்வளவு, வெண்ணாற்றுக்கு இவ்வளவு, கல்லணைக் கால்வாய்க்கு இவ்வளவு என்று பிரிக்கிறார்கள். கீழே ஒவ்வொரு தலைப்பு மதகிலும் லஸ்கர் அதையேதான் செய்கிறார். அளவுகோலைப் படி, பிறகு திற. 2024-இல் தேதிப்படி ஜூன் 15 ஷட்டரை ஏற்றியிருந்தால் மணல்தான் தெரிந்திருக்கும். ஹியர் டாக்குமென்ட் தேதிப்படி திறக்கிறது. தண்ணீரைப் பார்த்துத் திறக்கும் ஸ்கிரிப்டுக்கு வேறொரு கருவி வேண்டும்.

அந்தக் கருவிதான் ‘எக்ஸ்பெக்ட்’. அமெரிக்காவின் தர அளவை நிறுவனத்தில் வேலை பார்த்த டான் லிப்ஸுக்கு 1987-இலேயே யோசனை தோன்றிவிட்டது. ஆனால் இதற்கென்று தனியாக ஒரு நிரல் மொழியை உருவாக்க வேண்டியிருந்ததால் அவர் கைவைக்கவில்லை. பெர்க்லியில் ஜான் ஔஸ்டர்ஹௌட் ‘டிக்கிள்’ என்ற சின்ன மொழியைச் செய்து, மற்றவர்கள் தங்கள் கருவிக்குள் பதித்துக்கொள்ளலாம் என்று வெளியே விட்டார். லிப்ஸ் அதை எடுத்து 1990-இன் தொடக்க மாதங்களில் எக்ஸ்பெக்டை எழுதி முடித்து, அந்தக் கோடையிலேயே யூசெனிக்ஸ் மாநாட்டில் வைத்தார். அரசுப் பணத்தில் எழுதியது என்பதால் பொதுச் சொத்தாகவே கொடுத்துவிட்டார். பயன்படுத்தினால் பெயரைச் சொல்லுங்கள் என்று மட்டும் கேட்டுக்கொண்டார். சொல்லிவிட்டேன்.

அதன் அடிப்படை நான்கே சொல். ‘ஸ்பான்’ என்றால் ஒரு நிரலைத் தொடங்கிவை. ‘எக்ஸ்பெக்ட்’ என்றால் இந்த வாசகம் வரும்வரை காத்திரு. ‘செண்ட்’ என்றால் இதை அனுப்பு. ‘இன்டராக்ட்’ என்றால் இனி நீயே பேசிக்கொள் என்று ஆளிடம் கொடு. நம் நெல் மாதிரியை இரவு முழுவதும் ஓட்டுவதற்காக எழுதிய ஒரு ஸ்கிரிப்ட் என் முன்னால் இருக்கிறது. வெளியே ஷெல் லூப். அது ஒவ்வொரு ஆண்டுக்கும் நாளுக்கும் எக்ஸ்பெக்டைக் கூப்பிடுகிறது. உள்ளே இந்த நான்கு சொல்லும் மாறி மாறி வருகின்றன. வரி வரியாகப் பார்க்க வேண்டிய பொருள் இதுதான்.

ஸ்பான் என்ற முதல் வரியில் நடப்பதே ஒரு நுட்பம். எக்ஸ்பெக்ட் நிரலைப் பைப்பில் கட்டுவதில்லை. ஒரு பொய் டெர்மினலை உண்டாக்கி அதன் முன் உட்காரவைக்கிறது. நிரலுக்கு, தான் உண்மையான திரை முன்னும் விசைப்பலகை முன்னும் இருப்பதாகவே தெரியும். இது ஏன் முக்கியம்? பல நிரல்கள் எதிரில் டெர்மினல் இருக்கிறதா என்று முதலில் விசாரிக்கின்றன. இருந்தால் கேள்வியை உடனே திரையில் காட்டும். பைப் என்றால் சொல்ல வேண்டியதையெல்லாம் மூட்டையாகச் சேர்த்துவைத்து நிரம்பிய பிறகே வெளியே தள்ளும். கேள்வி மூட்டைக்குள் கிடக்க, விடைக்காக நிரல் காத்திருக்க, கேள்விக்காக ஸ்கிரிப்ட் காத்திருக்க, இரண்டும் அப்படியே நின்றுவிடும். கடவுச்சொல் கேட்கும் நிரல்கள் இன்னும் கறார். தங்களுக்கு வந்த பைப்பைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் நேராக டெர்மினலைத் திறந்து அதனிடம்தான் கேட்கும். ஹியர் டாக்குமென்ட்டில் எழுதிவைத்த கடவுச்சொல் அங்கே போய்ச் சேராது. பொய் டெர்மினல் இந்த இரண்டு முடிச்சையும் ஒன்றாக அவிழ்த்துவிடுகிறது.

அடுத்து காத்திருக்கும் வரி. கேள்வி முழுவதையும் எழுதிவைக்க வேண்டியதில்லை, அடையாளம் தெரிகிற ஒரு துண்டு போதும். பாஸ்வேர்ட் என்று கேட்கும் இடத்துக்கு எழுதிய பழைய எக்ஸ்பெக்ட் ஸ்கிரிப்டுகளைப் பார்த்தால் அந்தச் சொல்லின் முதல் எழுத்து இருக்காது. ‘பி’யை விட்டுவிட்டு மீதியை மட்டும் எழுதியிருப்பார்கள். சில கணினிகள் பெரிய ‘பி’ போடும், சில சின்ன ‘பி’ போடும், எதுவானாலும் பொருந்தட்டும் என்று. முதல் தடவை பார்ப்பவர் தட்டச்சுப் பிழை என்று நினைத்துத் திருத்திவிடுவார். எத்தனையோ வெவ்வேறு கணினிகளின் முன் உட்கார்ந்து பார்த்தவரின் அனுபவம் அந்த ஓர் எழுத்துக் குறைவில் இருக்கிறது.

நம் நெல் ஸ்கிரிப்டை எழுதியவரும் அப்படியே செய்திருக்கிறார். கேள்வியின் வால்பகுதியைப் பிடித்திருக்கிறார், தலையை விட்டிருக்கிறார். காரணம் உண்டு. நிரல் கேள்வியை ஒரே மூச்சில் அனுப்பும் என்ற உத்தரவாதம் இல்லை. பாதிக் கேள்வி வந்ததுமே பொருத்தம் கிடைத்துவிட்டால் விடை முந்திக்கொண்டு போய்விடும். கடைசி எழுத்துகள் வந்துவிட்டன என்றால் கேள்வி முடிந்துவிட்டது, நிரல் இனி நம் வாயைத்தான் பார்க்கிறது என்று அர்த்தம்.

செண்ட் வரியில் ஓர் எழுத்தை ரசிக்க வேண்டும். விடைக்குப் பின்னால் பின்சாய்வுக் கோடும் ‘ஆர்’ எழுத்தும் இருக்கிறது. புதுவரிக்கு ஷெல்லில் எல்லாரும் போடும் ‘என்’ எழுத்து இல்லை. விசைப்பலகையில் என்டர் தட்டும்போது உண்மையில் போவது ‘ஆர்’, அதாவது தட்டச்சுப் பொறியின் வண்டியை வரியின் தொடக்கத்துக்குத் திருப்பும் குறி. அதைப் புதுவரியாக மாற்றி நிரலிடம் கொடுப்பது நடுவில் இருக்கும் டெர்மினல். எக்ஸ்பெக்ட் விரலின் இடத்தில் உட்கார்ந்திருப்பதால் விரல் அனுப்புவதையே அனுப்ப வேண்டும். திரும்பி வரும் வழியில் இதற்கு எதிர்மாறாக நடக்கிறது. நிரல் ‘என்’ மட்டும் எழுதும், டெர்மினல் அதை ‘ஆர்’, ‘என்’ என்று இரண்டாக்கி அனுப்பும். அதனால் வரி முடிவோடு சேர்த்து ஒரு வாசகத்துக்குக் காத்திருந்தால் இரண்டு குறியையும் எழுத வேண்டும். போகும்போது ஒன்று, வரும்போது இரண்டு. இந்தக் கணக்கு தெரியாமல் எழுதிய ஸ்கிரிப்ட் ஏன் ஓடவில்லை என்று யாருக்கும் புரியாது. தெரிந்து எழுதியதை இந்த ‘ஆர்’ஐப் பார்த்ததுமே கண்டுபிடித்துவிடலாம்.

எதிரொலி என்று ஒன்றும் இருக்கிறது. நாம் தட்டியது திரையில் தெரிகிறதே, அதைக் காட்டுவதும் டெர்மினல்தான். எக்ஸ்பெக்ட் அனுப்பிய விடையும் அப்படியே திரும்பி அதன் காதுக்கே வரும். ‘2’ என்று அனுப்பிவிட்டு அடுத்த வரியில் ‘2’ வரக் காத்திருந்தால், வந்த ‘2’ நிரல் சொன்னதா, தான் சொன்னதே திரும்பியதா என்று தெரியாது. இந்த ஸ்கிரிப்டில் விடையில் வராத சொற்களுக்கு மட்டுமே காத்திருக்கிறார்கள். தன் குரலையே மறுமொழியாக எடுத்துக்கொள்ளாத கவனம் இது. எழுதியவர் இதை ஒரு குறிப்பாகக்கூட எழுதிவைக்கவில்லை. சொல் தேர்விலேயே செய்து முடித்துவிட்டார்.

காத்திருப்புக்கு ஒரு எல்லை உண்டு. நாம் எதுவும் சொல்லாவிட்டால் எக்ஸ்பெக்ட் 10 நொடி காத்திருக்கும். அதற்குள் வாசகம் வராவிட்டால் அடுத்த வரிக்குப் போய்விடும். கழித்தல் ஒன்று என்று வைத்தால் எவ்வளவு நேரமானாலும் காத்திருக்கும். ஒரு பருவத்தை ஓட்டுவது கணினிக்கு நொடிக் கணக்குதான், ஆனால் 30 ஆண்டுகளைத் தொடர் பயிராக ஓட்டச் சொன்னால் நேரம் கூடும். ஸ்கிரிப்டில் கேள்விகளுக்கு 10 நொடியை அப்படியே விட்டுவிட்டு, ‘ஓட்டு’ என்று அனுப்பிய பிறகு மட்டும் எல்லையைக் கூட்டியிருக்கிறார்கள், அடுத்த கேள்விக்கு முன் மறுபடி குறைத்திருக்கிறார்கள். கேள்வி கேட்க நிரலுக்கு எவ்வளவு நேரம் ஆகும், யோசிக்க எவ்வளவு ஆகும் என்ற இரண்டையும் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள்.

எக்ஸ்பெக்டின் ஒரே வரியில் பல வாசகங்களுக்கு ஒன்றாகக் காத்திருக்கலாம். இது வந்தால் இந்த விடை, அது வந்தால் அந்த விடை, நேரம் தாண்டினால் ஒன்று, நிரல் முடிந்துவிட்டால் ஒன்று. முன்னால் சொன்ன ‘என்டர் தட்டு’ என்ற எதிர்பாராத கேள்வி இங்கே ஒரு கிளையாக உட்கார்ந்திருக்கிறது. அது எந்த இடத்தில் வந்தாலும் சரி, என்டர் மட்டும் போகும், எந்த ஆண்டு, எந்த நாள் என்று ஒரு கோப்பில் குறித்துக்கொள்ளும், பிறகு ‘தொடர்ந்து காத்திரு’ என்ற ஒரு சொல். அந்தச் சொல்லால் எக்ஸ்பெக்ட் அதே வரியில் நின்றுகொண்டு, முதலில் எதற்குக் காத்திருந்ததோ அதற்கே மறுபடி காத்திருக்கும். விடைகள் ஒரு படி நகர்ந்துபோகும் ஆபத்து இந்த ஒரு சொல்லில் தீர்ந்துவிடுகிறது. முழு ஸ்கிரிப்டிலும் என்னை அதிகம் கவர்ந்த இடம் இதுதான்.

மொழியும் இங்கே ஒரு வேலை செய்கிறது. ஸ்கிரிப்டின் உச்சியில் மொழியமைப்பை வெறும் ‘சி’ என்று வைக்கும் வரி இருக்கிறது. கணினியைத் தமிழில் வைத்திருந்தால், மொழிபெயர்க்கப்பட்ட நிரல்கள் கேள்வியைத் தமிழில் கேட்கும். ஆங்கில வாசகத்துக்குக் காத்திருக்கும் ஸ்கிரிப்ட் 10 நொடி நின்று பார்த்துவிட்டுப் போய்விடும். லினக்ஸின் தமிழ் மொழியமைப்பில் ஆம்-இல்லை கேள்விக்கு ‘ஆ’ என்று தொடங்கும் விடையை ஆம் என்றும் ‘இ’ என்று தொடங்குவதை இல்லை என்றும் ஏற்கவும் வழி செய்திருக்கிறார்கள். ஆள் உட்கார்ந்து பேசும்போது அது எவ்வளவு இதமோ, ஆளில்லாத இரவில் ஸ்கிரிப்டுக்கு அவ்வளவு ஆபத்து. பள்ளிப் பிள்ளைகளுக்கு அரசு கொடுத்த மடிக்கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. அதைத் தமிழில் வைத்துப் பழகிய பிள்ளை பின்னாளில் இப்படி ஒரு ஸ்கிரிப்ட் எழுத உட்கார்ந்தால் முதலில் கற்க வேண்டியது இந்த ஒற்றை ‘சி’.

எக்ஸ்பெக்டிலேயே எல்லாருக்கும் தேவைப்படாத ஒரு மூலை உண்டு. அதைச் சொல்லாமல் விட மனமில்லை. செண்டுக்கு ‘மனிதரைப் போல’ என்று ஒரு விருப்பம் இருக்கிறது. அதைக் கொடுத்தால் எழுத்துகள் சீராகப் போகாது. எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவே சராசரி எவ்வளவு இடைவெளி, சொல் முடியும் இடத்தில் எவ்வளவு, அந்த இடைவெளி எவ்வளவு மாறலாம், குறைந்தது எவ்வளவு, அதிகபட்சம் எவ்வளவு என்று ஐந்து எண்களில் ஒருவருடைய தட்டச்சு நடையை எழுதிவைக்கலாம். பின்னணியில் வேலை செய்வது வைபுல் பரவல், புள்ளியியலில் பொருள்கள் பழுதாகும் காலத்தைக் கணிக்கப் பயன்படுத்தும் அதே கணக்கு. சொல் முடிவில் விரல் சற்று நிற்கும் என்பதைக் கவனித்து அதற்கென்றே ஓர் எண்ணை ஒதுக்கியவருக்கு எவ்வளவு கூர்ந்த கண் இருந்திருக்க வேண்டும்! கூடவே ‘மெதுவாக’ என்று இன்னொரு விருப்பம், வேகமாக வந்தால் எழுத்துகளைத் தவறவிடும் பழைய கருவிகளுக்காக. இத்தனை எழுத்தை அனுப்பு, இவ்வளவு நேரம் நில் என்று இரண்டே எண்.

கடவுச்சொல்லை ஸ்கிரிப்டுக்குள்ளேயே எழுதிவைக்கும் பழக்கத்தை மட்டும் என்னால் பாராட்ட முடியாது. எக்ஸ்பெக்டால் முடியும் என்பதற்காகச் செய்யக் கூடாதது அது. கோப்பைப் படிக்க முடிந்தவர் எல்லாருக்கும் அது திறந்த பெட்டி. வேறு கணினிக்குள் நுழைய எஸ்.எஸ்.எச். திறவுகோல் இருக்கும்போது அதற்கு அவசியமும் இல்லை. நம் ஸ்கிரிப்டில் அப்படி ஒரு வரி இல்லை என்பதே நிம்மதி.

நான்காம் சொல்லுக்கு வருகிறேன். எக்ஸ்பெக்டோடு வரும் எடுத்துக்காட்டுகளில் ‘ரோக்’ என்ற பழைய டெர்மினல் விளையாட்டுக்கு ஒன்று உண்டு. விளையாட்டைத் தொடங்கும், வீரனின் பலம் 18 என்று திரையில் வந்ததா என்று பார்க்கும். வராவிட்டால் மூடிவிட்டு மறுபடி தொடங்கும். வந்ததும் ‘இன்டராக்ட்’. அதற்குப் பிறகு விசைப்பலகை முழுவதும் விளையாடுபவர் கையில், எக்ஸ்பெக்ட் நடுவில் இல்லாததுபோல ஒதுங்கிவிடும். சேதமான கோப்பமைப்பைச் சரிசெய்யும் நிரலுக்கும் இதே முறைதான். அது கேட்கும் கேள்விகளில் பயமில்லாதவற்றுக்குத் தானே விடை சொல்லும், ஒரு கோப்பை அழித்துவிடட்டுமா என்ற கட்டத்தில் ஆளைக் கூப்பிடும். எதைத் தானே சொல்லலாம், எதை ஆளிடம் கேட்க வேண்டும் என்ற எல்லைக்கோட்டை ஸ்கிரிப்ட் எழுதுபவர் வரையலாம். ‘யெஸ்’ஸுக்கு இந்தக் கோடு வரையத் தெரியாது.

நம் நெல் ஸ்கிரிப்டில் அந்தக் கோடு ஒரே இடத்தில் விழுகிறது. வானிலைக் கோப்பு காணாவிட்டால் குறித்துக்கொண்டு போய்விடுகிறது. அதற்கு ஆள் தேவையில்லை, காலையில் பார்த்துக்கொள்ளலாம். ஆனால் பட்டியலில் எதிர்பார்த்த சோதனைக் கோப்பே இல்லை, எண்கள் மாறிவிட்டன என்றால் மேற்கொண்டு எல்லா ஓட்டமும் வீண். அங்கே ‘இன்டராக்ட்’ இருக்கிறது. ஒரு விசைச் சேர்க்கையும் சொல்லியிருக்கிறார்கள். ஆய்வாளர் நேரடியாகப் பேசிச் சரிசெய்துவிட்டு அதை அழுத்தினால் பேச்சு மறுபடி ஸ்கிரிப்டின் கைக்கு வரும், விட்ட வரிக்கு அடுத்த வரியிலிருந்து.

கடைசி இரண்டு வரியைப் பலர் எழுதுவதில்லை. ஒன்று, நிரல் முடியும்வரை காத்திரு என்பது. விளைச்சல் எண் திரையில் வந்துவிட்டதே என்று அவசரமாக மூடினால் முடிவுக் கோப்பு பாதி எழுதிய நிலையில் நின்றுவிடலாம். அடுத்தது ‘வெயிட்’. முடிந்துபோன நிரலின் முடிவு நிலையைக் கேட்டு வாங்கிக்கொள்வது. நான்கு எண்கள் கிடைக்கும்: நிரலின் இயக்க எண், எக்ஸ்பெக்ட் அதற்கு வைத்த அடையாளம், இயங்குதளத்தில் பிழை நேர்ந்ததா என்பது, நிரல் எந்த நிலையில் முடிந்தது என்பது. நான்காவதுதான் ஆய்வாளருக்கு வேண்டியது. நிரல் நல்லபடியாக முடிந்திருந்தால் அது சுழியம். ஸ்கிரிப்ட் அதை அப்படியே ஷெல் லூப்பிடம் திருப்பிக் கொடுக்கிறது. சுழியம் இல்லாத ஓட்டங்களின் ஆண்டும் நாளும் மட்டும் தனியாக ஒரு கோப்பில் சேர்கின்றன. சுழியமாக வந்த ஓட்டங்களின் விளைச்சல் எண்களை ஷெல் ஒரே அட்டவணையில் வரிசையாக ஒட்டுகிறது, முதல் பத்தியில் ஆண்டு, இரண்டாவதில் நடவு நாள், மூன்றாவதில் ரகம்.